பினாங்கு ஒற்றைக்கால் ஓட்டுநர் பேரவையின் முதல் கார் பூசை

மனித குலம் நான்கு காலில் தவழ்வதை விட்டு இரண்டு காலில் எழுந்து நின்றது முதல் முன்னேற்றம். இரண்டிலிருந்து ஒன்றுக்கு வந்தது கடைசி முன்னேற்றம். முதலாவது எங்கே நடந்தது என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். இரண்டாவதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வேண்டாம். அது பாயான் பாருவில், சிக்கந்தர் பாயின் நாசி கண்டார் சோற்றுக்கடையில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேசையில் நடந்தது. நான் அங்கே தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அன்றுதான் 'பினாங்கு ஒற்றைக்கால் ஓட்டுநர் பேரவை' உதயமானது. கொள்கை எளியது. ஆட்டோ கியர் காரில் கிளட்ச் கிடையாது. இருப்பது வேகம் கூட்டும் எண்ணெய் பெடலும் பிரேக்கும் மட்டும். இரண்டையும் வலது காலே மாறி மாறிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இடது கால் ஓரமாக ஓய்வெடுக்க வேண்டும். வலது கால் எண்ணெயிலும் இடது கால் பிரேக்கிலும் வைத்து ஓட்டுகிறவர்கள் நாகரிகத்தின் எதிரிகள்.

தலைவர், என் பக்கத்து வீட்டு மோகனராஜ். செயலாளர், பக்கிரிசாமி ஆகிய நான். பொருளாளர் சிக்கந்தர் பாய். மேசை அவருடையது என்பதால் அவரைத் தவிர்க்க முடியவில்லை. மற்ற அனைவரும் துணைத் தலைவர்கள். வெறும் உறுப்பினராக இருக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை.

பேரவை என்றால் முதலில் டி-சட்டை. மஞ்சள் துணியில், நெஞ்சுப் பக்கம், ஒரே ஒரு பாதம் போட்ட சின்னம். அதை அணிந்து நாங்கள் கடைவாசலில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, அந்த வழியாக வந்த ஒரு சீன அம்மா, கால் பிடித்துவிட அரை மணிக்கு எவ்வளவு என்று தலைவரைக் கேட்டார். மக்கள் ஆதரவு இவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

ஒரே ஓர் ஆட்சேபம் பொருளாளரிடமிருந்து வந்தது.

"தலைவரே, நான் ஓட்டுறது பழைய வேன். மேனுவல். அதுல மூனு பெடல் இருக்கு. நான் ஒத்தக் கால்ல ஓட்டுனா கறிச்சட்டியெல்லாம் ரோட்டுல போயிடும் லா."

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். "உங்களுக்குக் கொள்கையளவுல ஒத்தக் காலு. நடைமுறையில ரெண்டு காலு. போலே?"

"போலே," என்று மலாயிலேயே சம்மதித்தார் பாய்.

தலைவரின் மனைவி பிரமிளா புதுக் கார் வாங்கிய அதே வாரத்தில் பேரவை தோன்றியது ஏன் என்று சில விஷமிகள் கேட்கிறார்கள். தற்செயல்.

பிரமிளாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பாயான் பாருவை ஒட்டிய மின்னணுத் தொழிற்பேட்டையில், ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கம்பெனி கடலுக்கு அக்கரையில், சுங்கை பாக்காப் பக்கம் புதிய கிடங்கு திறந்தது. அதற்கு அவளையே சூப்பர்வைசராகப் போட்டார்கள். திங்கட்கிழமை காலை அங்கே போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் பதவி ஃபிக்ரி என்கிற அடுத்த ஆளுக்கு. அந்தப் பக்கம் கம்பெனி பஸ் ஓடாது. எனவே கார் வாங்கினாள். அவள் பெயரில், அவள் சம்பளத்தில். லைசென்சும் அவளிடம் இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது, கால்களைத் தவிர. அவள் இரண்டு காலால் ஓட்டினாள்.

இந்த அபாயத்தைத் தலைவர் கண்டுபிடித்தது கார் வந்த முதல் நாளே, அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில். சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"எடது கால எதுக்குப் பிரேக்குல வெக்கிற?" என்றார்.

"ஃபோர்க்லிஃப்ட்ல இத்தன வருஷமா அப்படித்தாங்க வெக்கிறேன். எடது காலு பிரேக்கு, வலது காலு எண்ணெ. கைய காலா ஆக்கச் சொல்லல, காலத்தானே காலா வெச்சிருக்கேன்."

"அது மெஷின். இது காடி."

"காடி மட்டும் என்ன, மாடா?"

தலைவர் அசரவில்லை. பண்பாட்டை எடுத்தார். பண்பாடு எப்போதும் அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். "கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்தியே, எந்தக் கால எடுத்து வெச்சு வந்த?"

"வலது கால."

"பாத்தியா பக்கிரி? எழுதிக்க."

"அடுத்தது எடது காலயும் எடுத்து வெச்சேன்," என்றாள் பிரமிளா. "நொண்டிக்கிட்டா வந்தேன்?"

இதை நான் எழுதிக்கொள்ளவில்லை. செயலாளருக்கு எதை எழுதக்கூடாது என்ற விவேகம் வேண்டும்.

அன்று மாலையே பேரவை கூடி மூன்று தீர்மானங்களை ஒருமனதாக நிறைவேற்றியது. பிரமிளாவின் இடது கால் திருந்தும்வரை அவள் காரைத் தொடக்கூடாது. கார்ச் சாவி பேரவையின் பாதுகாப்பில், அதாவது தலைவரின் கால்சட்டைப் பையில், இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நடக்கும் கார் பூசையில் தலைவரே காரை ஓட்டி, ஒற்றைக்கால் முறையின் மேன்மையை உலகுக்கு எடுத்துக்காட்டுவார்.

இந்த இடத்தில் ஒரு சிறிய விவரம். தலைவர் அதுவரை ஆட்டோ கியர் கார் ஓட்டியதில்லை. அவரிடம் முன்பு ஒரு மேனுவல் கார் இருந்தது. அதையும் விற்றுவிட்டு, பட்டர்வொர்த்தில் உள்ள தம் அலுவலகத்துக்கு ஃபெரியில் போய்வருகிறார். ஃபெரியில் ஏறும்போது இரண்டு காலையும் பயன்படுத்துகிறார் என்று சிக்கந்தர் பாய் ஒருமுறை சுட்டிக்காட்டினார். நீர்வழிப் போக்குவரத்து பேரவையின் வரம்புக்குள் வராது என்று தலைவர் விளக்கம் அளித்தார்.

ஞாயிறு காலை கோயில் வாசலில் பதாகை கட்டினோம். துணைத் தலைவர்கள் மஞ்சள் சட்டையில் வரிசையாக நின்றார்கள். சிக்கந்தர் பாய் சாலையோரம் தம் வேனில் சாய்ந்து நின்றார். ஐயர் வந்து காரின் நெற்றியில் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம் அடியில் வைத்தார். புதுக் கார் அந்தப் பழங்களை நசுக்கிக்கொண்டு முன்னால் நகர்ந்தால் கண் திருஷ்டி கழியும். காருக்கு எதிரே, நல்ல தூரம் விட்டு, பக்தர்கள் சிலிப்பர் விடும் மர அலமாரி இருந்தது. நிறைந்திருந்தது. விசேஷ நாள்.

தலைவர் வண்டியில் ஏறுமுன் உரையாற்றினார். மனித குலம் நான்கு காலில் தவழ்ந்த கதையிலிருந்து ஆரம்பித்தார். அது முடிவதற்குள் ஐயர் இரண்டு முறை கற்பூரம் ஏற்ற வேண்டியதாயிற்று. பிறகு தலைவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, பையிலிருந்து ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்தார். அதன் ஒரு முனையைத் தம் இடது கணுக்காலில் கட்டினார். மறுமுனையை இருக்கைக்கு அடியில் உள்ள இரும்புக் கம்பியில் கட்டினார்.

ஐயர் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "இது என்னங்க?"

"காப்புக் கட்டிக்கிட்டேன். எடது காலு பிரேக்குப் பக்கமே போகாதுன்னு விரதம்."

"கைலதானே கட்டுவாங்க. கால்ல கட்டறது எந்த சாஸ்திரத்துல இருக்கு?"

"இனிமே இருக்கும், ஐயரே."

பிரமிளா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். அதை ஒருமுறை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டாள். நான் பேரவையின் சார்பில் பின் இருக்கையில் அமர்ந்தேன்.

தலைவர் வலது காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தார். கார் மெல்ல அசைந்து, எலுமிச்சம்பழங்களில் இடித்து, நின்றுவிட்டது. கோயில் பக்கத்துத் துளசியக்கா கடையில் வாங்கிய பழம். கல் மாதிரி இருந்தது. தலைவர் எண்ணெயை லேசாகத் தொட்டார். கார் முக்கியது. பழம் அசையவில்லை. வெளியே துணைத் தலைவர்கள் கை தட்டினார்கள்.

"ஏங்க," என்றாள் பிரமிளா மெதுவாக, "ஒரு காலு பிரேக்குல இருக்கட்டும். இன்னொரு கால்ல கொஞ்சங் கொஞ்சமா எண்ணெ குடுங்க. பழத்து மேல ஏறுனதும் பிரேக்க அழுத்திடலாம்."

"தலைவருக்குப் பாடம் எடுக்கிறியா?" என்றார் தலைவர். அழுத்தினார்.

நான்கு பழமும் ஒரே நேரத்தில் நசுங்கின. திருஷ்டி முழுவதுமாகக் கழிந்தது. கார் துள்ளிப் பாய்ந்தது. அப்போது தலைவரின் வலது கால், கொள்கைப்படி, எண்ணெயை விட்டு எழுந்து பிரேக்கைத் தேடிப் புறப்பட்டது. பதற்றத்தில் சுற்றிவிட்டு மறுபடியும் எண்ணெய் மேலேயே போய் இறங்கியது. அதே நொடியில் அவருடைய இடது கால், மேனுவல் கார் ஓட்டிய பழைய பழக்கத்தில், கிளட்சை மிதிக்கத் தானாக எழப் பார்த்தது. எழுந்திருந்தால் பிரேக் மேல் விழுந்திருக்கும், காரும் நின்றிருக்கும். மஞ்சள் கயிறு விடவில்லை. கொள்கை காப்பாற்றப்பட்டது.

பிரமிளா கைப்பிரேக்கை இழுத்தாள். கார் வழுக்கிக்கொண்டு போய்ச் சிலிப்பர் அலமாரியில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. அலமாரி மட்டும் நிதானமாக ஒரு பக்கம் சாய்ந்து, தன்னிடம் இருந்த அத்தனை சிலிப்பரையும் எங்கள் கார் மேல் கொட்டியது.

சிக்கந்தர் பாய்தான் முதலில் ஓடிவந்தார். "தலைவரே, எறங்குங்க."

"எறங்க முடியல பாய்."

"அடிபட்டிருச்சா?"

"கட்டியிருக்கு."

பிரமிளா குனிந்து முடிச்சை அவிழ்த்தாள். அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. தலைவர் காலைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. செயலாளர் என்பதால் இரண்டையும் அடக்கிக்கொண்டு இருமினேன். காரின் முன் பம்பர் ஒரு பக்கம் கழன்று வாயைப் பிளந்திருந்தது. அவள் இறங்கிப்போய், அதே மஞ்சள் கயிற்றால் பம்பரை இழுத்துக் கட்டினாள்.

பக்தர்கள் வெளியே வந்து தங்கள் சிலிப்பரைத் தேடினார்கள். மதியம்வரை தேடினார்கள். பேரவையின் மூத்த துணைத் தலைவர் ஒருவர் இரண்டு இடது கால் சிலிப்பரோடு வீடு திரும்பினார். அவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறோம்.

அன்று மாலை சிக்கந்தர் பாய் கடையில் 'உண்மை கண்டறியும் சிறப்புக் குழு' கூடியது. குழுவுக்குத் தலைவரே தலைமை தாங்கினார். விபத்தை மிக அருகிலிருந்து பார்த்தவர் அவர்தான். முதல் சாட்சி நான்.

"பக்கிரி, காடி பாயுறப்ப பிரமிளா என்ன செஞ்சா? மறைக்காம சொல்லு."

"ரெண்டு காலயும் தரையில ஊனி அழுத்துனாங்க, தலைவரே."

"ரெண்டு காலயுமா?"

"ரெண்டயும்தான்."

கூட்டத்தில் சலசலப்பு.

"அவ ஒக்காந்திருந்த எடத்துல பிரேக்கு இருக்கா?"

"இல்ல தலைவரே. மிதியடிதான் இருக்கு."

"இல்லாத பிரேக்க ஒருத்தி ஏன் அழுத்தணும்? ஓட்டுறவன் மேல நம்பிக்க இல்ல. அந்த அவநம்பிக்க எனக்குப் பக்கவாட்டுல தெரிஞ்சுது. மனசு கலைஞ்சுது. காலு தடுமாறிருச்சு."

சிக்கந்தர் பாய் கறி ஊற்றும் கரண்டியோடு நின்றார். "அப்படின்னா காடிய முட்டுனது ஓட்டுனவரு இல்ல. சும்மா ஒக்காந்திருந்தவங்க."

"சரியாச் சொன்னீங்க பாய். அதயே எழுதிக்க பக்கிரி."

எழுதினேன். 'பயணி ஒருவர் பயணி இருக்கையிலிருந்து இரண்டு காலாலும் காரை ஓட்ட முயன்றதே விபத்துக்குக் காரணம்.' அடுத்த தீர்மானமும் உடனே நிறைவேறியது: பிரமிளாவின் கால்களுக்கு மூன்று மாதப் புனர்வாழ்வு, அதுவரை வேலைக்குப் போக இயலாது என்று தலைவரே திங்கட்கிழமை கம்பெனிக்குப் போன் செய்து சொல்லிவிடுவார்.

அந்த நேரம் பார்த்து, இரவுச் சாப்பாடு பொட்டலம் கட்ட பிரமிளா கடைக்குள் வந்தாள். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேசையில் பேசுவது கல்லாவரை கேட்கும். கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு எங்களிடம் வந்தாள்.

"பக்கிரி அண்ணே, கைப்பிரேக்க யாரு இழுத்தாங்கன்னு எழுதுனீங்களா?"

"இது காலைப் பத்துன பேரவம்மா," என்றேன். "கை நம்ம வரம்புக்குள்ள வராது."

அவள் தலைவரைப் பார்த்தாள். "அந்த வேலைக்கு நான் எவ்வளவு நாளு காத்துக்கிட்டு இருந்தேன்னு உங்களுக்குத் தெரியும். என் கால என்ன செய்யணும்னு எனக்கும் தெரியும். காலையில நான் போறேன்."

தலைவர் கால்சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். சாவி கலகலவென்று சத்தம் போட்டது. பிரமிளா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது பாய் அவளுக்கு மட்டும் ஒரு முட்டை அதிகமாக வைத்ததை நான் கவனித்தேன். பொருளாளரின் விசுவாசம் எனக்கு எப்போதுமே சந்தேகம்தான்.

திங்கட்கிழமை விடிந்தது. கீழே கார் இரையும் சத்தம் கேட்டு நான் இறங்கி ஓடினேன். தலைவர் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார், இரண்டு காலால். பிரமிளா ஓட்டுநர் இருக்கையில் இருந்தாள். கம்பெனிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. தலைவர் பையைத் தொட்டுப் பார்த்தார். சாவி அங்கேயேதான் இருந்தது.

"எப்படி எடுத்த?" என்றார்.

"புதுக் காடிக்கு ரெண்டு சாவி குடுப்பாங்க. நீங்க ஒன்னுதான் கேட்டீங்க."

ஒரு தலைவனுக்கு அழகு நெருக்கடியில் முடிவெடுப்பது. "நான் மேற்பார்வைக்கு வர்றேன். பக்கிரி, நீயும் ஏறு. நாளைக்கு ஒன்னு ஆச்சுன்னா சாட்சி வேணும்," என்று முன் இருக்கையில் ஏறினார். நாங்கள் இருவரும் அன்று எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு, எடுத்தோம். காரணம், கால் வலி.

அக்கரைக்குப் போகும் இரண்டாம் கடல் பாலத்தில் ஏறினோம். பிரமிளா கோப்பி ஊற்றிய பிளாஸ்டிக் பொட்டலம் ஒன்றை முன்னால் இருந்த கொக்கியில் மாட்டியிருந்தாள். அது ஆடுகிறதா என்று பார்ப்பதே என் வேலையாக இருந்தது, அறிக்கைக்கு உதவும். இடப்புறம் ஒரு லாரி சிக்னல் போடாமல் எங்கள் முன்னால் நுழைந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது லாரி முன்னால் போய்க்கொண்டிருந்தது, நாங்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தோம், கோப்பி லேசாக ஆடி நின்றிருந்தது. பிரமிளா இடது காலைப் பிரேக்கிலிருந்து எடுத்து வலது காலில் எண்ணெய் கொடுத்தாள். பாலத்துக்கு இரண்டு பக்கமும் கடல் வெளுத்துக்கொண்டு வந்தது. அவள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

ஆனால் காருக்குள் எங்கிருந்தோ 'தொப், தொப்' என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. பம்பரில் கட்டிய கயிறு அவிழ்ந்துவிட்டதோ என்று பயந்தேன். முன்னால் குனிந்து எட்டிப் பார்த்தேன்.

தலைவர் முன் இருக்கையில் விறைத்து உட்கார்ந்திருந்தார். வலது காலும் இடது காலும் ஒன்றாகச் சேர்ந்து எழுந்து மிதியடியின் மேல் விழுந்தன. மறுபடி எழுந்தன, விழுந்தன. மிதியடி சுருண்டு மூலைக்குப் போய்விட்டது. வெறும் தகரத்தை அழுத்திக்கொண்டிருந்தார்.

"தலைவரே," என்று காதில் சொன்னேன், "அங்க பிரேக்கு இல்ல."

"தெரியும்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. கால்கள் நிற்கவில்லை.

சுங்கை பாக்காப் கிடங்கு வாசலுக்கு வேலை தொடங்கும் நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். பிரமிளா காரை ஒரே திருப்பில் கோடுகளுக்கு நடுவே நிறுத்திவிட்டு, இரண்டு கோடுகளையும் இறங்கிப் பார்த்தாள். சாவியை எடுத்துத் தன் பைக்குள் போட்டாள்.

"எறங்குங்க. அதோ கேண்டீன் இருக்கு. சாயந்தரம் வேலை முடிஞ்சு வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்."

"எறங்க முடியல," என்றார் தலைவர்.

"இப்ப யாரும் கட்டலியே."

"மரத்துப்போச்சு. ரெண்டும்."

ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்து இறக்கினோம். அவரைக் கேண்டீன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, பிரமிளா கிடங்குக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். போகிற அவளைத் தலைவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மேசைக்கு அடியில் அவர் கால்கள் இரண்டும் இன்னும் தரையை அழுத்திக்கொண்டிருந்தன.

பேரவையின் கொள்கையில் எந்த மாற்றமும் இல்லை என்பதைச் செயலாளர் என்ற முறையில் இதன்மூலம் அறிவித்துக்கொள்கிறேன். கார் ஓட்ட ஓர் ஆண்மகனுக்கு ஒரு காலே போதும். பெண்டாட்டி முன்னால் போகும்போது பிரேக் போடத்தான் அவனுக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது.